ஜோபர்க்கில் காசில்லாமல் கலை பார்க்க ஒரு நடை: பிராம்ஃபான்டைனில் இருந்து தீச்சட்டிக்காரி வரை

கொய்யாமரம் (சன்னிங்ஹில்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சன்னிங்ஹில் வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) நகரத்துக்குள் நான் கால் வைத்து நடந்த தூரத்தைக் கூட்டினால் ஒரு கிலோமீட்டர் தேறாது. வீடு, கார், மால், மறுபடி கார், வீடு. போன மாதம் அம்மா விருதுநகரில் இருந்து வந்திருக்கிறார்கள். இரண்டு மால்களைப் பார்த்ததுமே "ஏண்டி, இந்த ஊர்ல மனுஷங்க தெருவுல நடக்க மாட்டாங்களா" என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவும் நானும், என்னோடு வேலை பார்க்கும் சொவேட்டோ தோழி ஒருத்தியும் பிராம்ஃபான்டைனில் காரை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தோம். மூன்று பேருக்கும் ஆன மொத்தச் செலவு பார்க்கிங் காசும் மூன்று சுட்ட மீலியும்தான் (மீலி என்றால் இங்கே மக்காச்சோளம்).

பெர்த்தா தெருவும் அமேஸ்ஹாஃப் தெருவும் சேருகிற மூலையில் ஒரு பெரிய எலாண்ட் மான் நிற்கிறது. கிளைவ் வான் டென் பெர்க் என்பவர் 2007-ல் செய்தது. கான்கிரீட் உடம்பிலேயே செடி வளர இடம் விட்டிருக்கிறார். ரோபோவில் (சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நிற்கும்போது காருக்குள் இருந்து எத்தனையோ தடவை இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. அங்கிருந்து பாலத்தை நோக்கி இறங்கினால் ஜூட்டா தெருவில் ஒரு உயரமான கட்டிடத்தின் பக்கச் சுவர் முழுக்க மண்டேலா முகம். அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரி 2014-ல் வரைந்தது. "ஊதா ஆளும்" என்று அதற்குப் பெயர். 1989-ல் கேப் டவுனில் ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் ஊதாச் சாயம் கலந்த தண்ணீரைப் பீய்ச்சியடித்தது, அடையாளம் வைத்துப் பிடிப்பதற்காக. மறுநாள் ஊர்ச் சுவர்களில் "ஊதா ஆளும்" என்று எழுதியிருந்ததாம். தோழி இதைச் சொல்லும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

அப்புறம் மண்டேலா பாலம். 2003-ல் திறந்தது, 284 மீட்டர், கீழே 42 ரயில் தண்டவாளங்கள். பாலம் இறங்கினால் நியூடவுன். அங்கே நடைபாதைக் கம்பங்களின் தலையில் மரத்தில் செதுக்கிய மனித முகங்கள். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் செதுக்கியவை, ஐந்நூறுக்கும் மேல் செய்திருக்கிறார்கள். சிலது வெயிலிலும் மழையிலும் வெடித்து மூக்கு போய்விட்டது, சில கம்பங்கள் மொட்டையாக நிற்கின்றன.

நான் எழுத வந்தது கடைசியில் பார்த்ததைப் பற்றி. குவீன் எலிசபெத் பாலத்தின் தெற்கு முனையில் பதினொரு மீட்டர் உயரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக எஃகுத் தகடுகள். வில்லியம் கென்ட்ரிட்ஜும் ஜெர்ஹார்ட் மார்க்ஸும் 2009-ல் செய்தது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி துண்டு துண்டாகத் தெரிகிறது. நடந்துகொண்டே இருந்தால் ஒரு இடத்தில் எல்லாத் துண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெண் ஆகிவிடுகிறாள். தலையில் எரிகிற கனலடுப்பைச் சுமந்துகொண்டு நடக்கும் பெண். சிலைக்குப் பெயரே "ஃபயர் வாக்கர்".

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார்கள். நடைபாதையில், நடு ஊரில். "தீச்சட்டி எடுத்து வர்றா" என்றார்கள். எங்கள் ஊர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டிருந்தபோது நேர்ந்துகொண்டு அம்மாவே சட்டி எடுத்தவர்கள். நான் "அம்மா, இது சாமி இல்ல, ரோட்டுல மீலி சுட்டு விக்கிற பொம்பள" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சும்மாடு இல்லாம எப்படித் தலையில வச்சிருக்கா" என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் இப்படி நடந்தே பார்க்கிற இடம் எது? இன்னொரு கேள்வி. சில சிலைகளை யாரும் தொடுவதில்லை, சிலவற்றைப் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள். இது எதனால்?


லெனேசியா_வாத்தியார்

மகளே, நல்ல காரியம் செய்தீர்கள். நான் இந்த நாட்டிலேயே பிறந்தவன், நான்காவது தலைமுறை. தமிழை சனிக்கிழமை வகுப்பில் படித்து, பிறகு அதே வகுப்பில் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நடந்து போன நியூடவுனில் மார்க்கெட் தியேட்டர் இருக்கிறதே, அந்தக் கட்டிடம் முன்பு இந்தியப் பழச் சந்தை. 1976-ல் அதை நாடக அரங்கமாக மாற்றினார்கள், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து நாடகம் பார்ப்பதே சட்டவிரோதமாக இருந்த காலத்தில். என் அப்பா சிறுவனாக அந்தச் சந்தையில் வாழைப்பழப் பெட்டி தூக்கியவர். அதனால் அந்த வாசலைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தெற்கே போங்கள். ஃபாக்ஸ் தெருவில் சான்ஸலர் ஹவுஸ், மண்டேலாவும் அவர் தோழர் ஆலிவர் டாம்போவும் வக்கீல் அலுவலகம் வைத்திருந்த கட்டிடம். அதன் எதிரில் மண்டேலா குத்துச்சண்டை போடுவது போல ஒரு உலோகச் சிலை. பாப் கோசானி எடுத்த புகைப்படத்தை வைத்து மார்கோ சியான்ஃபனெல்லி 2013-ல் செய்தது. பிறகு காந்தி சதுக்கம். அங்கே நிற்பது தடி ஊன்றிய கிழவர் இல்லை, வக்கீல் அங்கி போட்ட இளம் காந்தி. 2003-ல் வைத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் அதன் காலடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சிலர் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார்கள். எனக்கு அதைப் பார்க்க நிறைவாக இருக்கும்.

மனதில் நீண்ட நாளாக இருக்கும் ஒன்றையும் சொல்கிறேன். தில்லையாடி வள்ளியம்மை இந்த ஜோகன்னஸ்பர்க்கில் 1898-ல் பிறந்தவள். 1913-ல் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் வந்து, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தாள். பதினாறு வயது. பிராம்ஃபான்டைன் இடுகாட்டில்தான் அவள் கல்லறை இருக்கிறது. நீங்கள் காரை நிறுத்திய இடத்தில் இருந்து அதிக தூரம் இல்லை. தமிழ்நாட்டில் அவள் பெயரில் கட்டிடங்கள் இருக்கின்றன. அவள் பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு சுவரிலாவது அவள் முகம் இருக்க வேண்டாமா? என் மாணவர்கள் பேருந்தில் போகும்போது நிமிர்ந்து பார்க்க ஒரு சுவர்.


மிட்ராண்ட்72

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் வணக்கம். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு குவீன் எலிசபெத் பாலத்துக்கு நடந்து போனேன் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன வருடம் நகரத்துக்குள் ஒரு முக்கில் என் போனையும் கல்யாண மோதிரத்தையும் கத்தியைக் காட்டிப் பிடுங்கினார்கள். காலை பதினொரு மணி, சுற்றிலும் ஆட்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் கார் கண்ணாடியை இறக்கவே இல்லை. அதனால் "இலவசம்" என்று எழுதும்போது அதற்குள் இந்தப் பயமும் ஒரு விலைதான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். எங்கள் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. ரோட்டில் பள்ளம். இந்த ஊரில் 2006-ல் ஒரு பொதுக்கலைக் கொள்கை போட்டார்கள், பெரிய கட்டுமானத் திட்டங்களின் செலவில் ஒரு சதவீதம் வரை கலைக்கு என்று. அந்த ஒரு சதவீதத்தில் எத்தனை குழாய் மாற்றலாம்? எனக்குக் கலை பிடிக்காமல் இல்லை. ஆனால் யாருமே நடக்கப் பயப்படுகிற தெருவில் சிலை வைத்தால் அது யாருக்கு?


டர்பன்_கீரைக்காரி (சாட்ஸ்வொர்த்)

தம்பி, உங்களுக்கு நடந்தது கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆனால் "யாருமே நடக்கப் பயப்படுகிற தெரு" என்று சொல்லாதீர்கள். கார் இல்லாதவர்கள் அத்தனை பேரும் அந்தத் தெருவில்தான் தினம் நடக்கிறார்கள். சிலை யாருக்கு என்று கேட்டீர்களே, முதலில் அவர்களுக்குத்தான்.

எங்கள் ஊர் வார்விக் ஜங்ஷனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஆயா அங்கே எர்லி மார்னிங் மார்க்கெட்டில் நாற்பது வருடம் கீரை விற்றவர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, முளைக்கீரையும் கொத்தமல்லியும் ஈரச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றுவார்கள். 1910-ல் தொடங்கிய சந்தை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸில் இருந்து 342 பேரை இறக்கியதே, அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வந்து காய்கறி போட்டு உருவாக்கிய இடம். 2009-ல் அதை இடித்துவிட்டு மால் கட்டப் போகிறோம் என்றார்கள். கறுப்பு வியாபாரிகளும் இந்திய வியாபாரிகளும் ஒன்றாக நின்று தடுத்தார்கள். சந்தை இன்றைக்கும் இருக்கிறது.

அந்தச் சந்தைக்கு மேலே, சுற்றிலும், நெடுஞ்சாலைப் பாலங்கள். அந்தப் பாலத் தூண்கள் வருடக்கணக்கில் சிறுநீர் நாற்றமும் விளம்பரத் தாளுமாகக் கிடந்தன. 2014-ல் உலகக் கட்டிடக் கலைஞர்கள் மாநாடு டர்பனில் நடந்தபோது ஃபெய்த்47 என்ற கேப் டவுன் ஓவியப் பெண் அந்தத் தூண்களில் ஆள் உருவங்களை வரைந்தார். பெரிய மனிதர்கள் யாரும் இல்லை, அங்கேயே பிழைக்கிறவர்களின் உருவங்கள். தூண் உயரத்துக்கு ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள், அந்தத் தூணின் அடியிலேயே அதே மாதிரி ஒரு மனுஷி மூலிகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் முதலில் பார்த்தபோது என் ஆயா முகமும் எங்கேயாவது இருக்குமோ என்று ஒவ்வொரு தூணாகத் தேடினேன். இல்லை. ஆனாலும் தேடத் தோன்றியது பாருங்கள்.

கொய்யாமரம், உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் முகத்தைப் பார்க்கிற இடத்தில் கலை பிழைக்கும். அந்தத் தூணில் யாராவது தாள் ஒட்ட வந்தால் மூலிகைக்காரம்மா சும்மா விடமாட்டாள்.

அதே வார்விக்கில் நேர்மாறான கதையும் உண்டு. ஆண்ட்ரீஸ் போத்தா என்ற டர்பன் சிற்பி நகராட்சி கேட்டுக்கொண்டதால் கம்பி வலைக்குள் கல்லை அடுக்கி மூன்று யானைகள் செய்துகொண்டிருந்தார். உலகக் கோப்பை வருடம், 2010. ஆளும் கட்சிக்காரர்கள் பார்த்துவிட்டு "இது இன்காதா கட்சிச் சின்னத்து யானை" என்றார்கள். வேலை நின்றுவிட்டது. கோர்ட் வரைக்கும் போனது. யானைகள் பாதி உடம்போடு வருடக்கணக்கில் நின்றன, கம்பியைப் பிய்த்துக்கொண்டு போனார்கள். சில வருடம் கழித்துத்தான் சிற்பி அவற்றை முடிக்க முடிந்தது.

இன்காதா என்றால் என்ன தெரியுமா? உங்கள் அம்மா கேட்ட சும்மாடு! தலையில் சுமை வைக்கப் புல்லிலோ துணியிலோ சுற்றுகிற வளையத்துக்கு ஸூலுவில் அதுதான் பெயர். அம்மாவிடம் சொல்லுங்கள்.


கொய்யாமரம்

அக்கா, படித்துக் காட்டினேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னார்கள். "அப்ப இங்கயும் சும்மாடு இருக்குல்ல, அந்தச் சிலை செஞ்சவங்கதான் மறந்துட்டாங்க" என்கிறார்கள்.

மிட்ராண்ட் தம்பி, பயம் உண்மை. நாங்கள் போனை வெளியே எடுக்கவே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவில் ஒரு படம்கூட இல்லை. நகை போடவில்லை, வழி தெரிந்தவள் கூட இருந்தாள், காலை எட்டில் இருந்து பத்தரைக்குள் முடித்துவிட்டோம். தனியாக நானும் போகமாட்டேன். தண்ணீர்க் குழாய்க்கு முதலில் பணம் போக வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு சொல்லவா? இந்த ஊரிலேயே அரசியல் சட்ட நீதிமன்றம் ஆரம்பித்தபோது அலங்காரத்துக்கு என்று கொடுத்தது மொத்தமே பத்தாயிரம் ரேண்ட். நீதிபதிகள் ஆல்பி சாக்ஸும் இவோன் மொகோரோவும் அதை வைத்து ஜோசஃப் இன்ட்லோவு நெய்த ஒரே ஒரு சுவர்த்துணியை வாங்கினார்கள். பெயர் "மனிதம்". அதைப் பார்த்துவிட்டு மற்ற கலைஞர்கள் தாங்களாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு அங்கே இருப்பது நாட்டின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. பிராம்ஃபான்டைனில் இருந்து நடக்கிற தூரம்தான், பழைய சிறைக்கூடத்தின் செங்கல்லை வைத்தே கட்டிய கட்டிடம். குறைந்த பணத்திலும் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.


அலைமேடு (கேப் டவுன்)

சீ பாயின்ட் கடற்கரை நடைபாதையில் தினமும் ஓடுகிறவன் நான். டர்பன் அக்கா சொன்னதற்கு எங்கள் பக்கத்துச் சாட்சி இரண்டு.

முதலாவது வெள்ளைக் குதிரைகள். 1966-ல் சவுத் ஆப்பிரிக்கன் சீஃபேரர் என்ற கப்பல் கிரீன் பாயின்ட் பக்கம் பாறையில் மோதி உடைந்தது. அதன் சரக்கில் இருந்த பிளாஸ்டிக் பொம்மைக் குதிரைகள் கரை ஒதுங்கின. அந்தக் கதையை வைத்து கெவின் பிராண்ட் என்ற சிற்பி 2010 வாக்கில் பெரிய வெள்ளைக் குதிரைகளை நடைபாதையில் நிறுத்தினார். வாயில் வுவுசேலா (கால்பந்து ரசிகர்கள் ஊதுகிற நீளக் குழல்) மாதிரிக் குழாய். நாங்கள் வந்த புதிதில் என் மகன் ஒவ்வொரு குதிரையின் குழாயிலும் வாய் வைத்து "அப்பா" என்று கத்துவான். குதிரை மேல் ஏறாத குழந்தையே கிடையாது. ஒருநாள் ஒரு வயதான மாது, "என் அண்ணன் அந்தக் கப்பல் உடைந்தபோது இந்தக் கரையில் ஒரு பொம்மைக் குதிரையைப் பொறுக்கினான்" என்று எங்களிடம் சொன்னார். சிலை இல்லையென்றால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

இரண்டாவது, 2014-ல் அதே நடைபாதையில், மண்டேலா சிறையிருந்த ராபன் தீவைப் பார்த்தமாதிரி ஒரு ராட்சதக் கறுப்புக் கண்ணாடி வைத்தார்கள். மூக்குக் கண்ணாடிதான். மண்டேலாவுக்கு அஞ்சலி என்று சொன்னார்கள், கூடவே ஒரு கண்ணாடி நிறுவனத்தின் ஆதரவும் இருந்தது. சில நாட்களிலேயே ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அதன் மேல் பெயின்டால் எழுதிவிட்டார்கள். சீ பாயின்டில் இருப்பவர்கள் எத்தனை பேர், அங்கே வந்து வேலை பார்த்துவிட்டு டாக்ஸி பிடித்து ஏழைகள் வாழும் கேப் ஃபிளாட்ஸுக்குத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இருபத்தேழு வருடச் சிறையை ஒரு விளம்பரப் பொருளாகக் காட்டினால் யாருக்குத்தான் வலிக்காது.

அரசியல் வந்து சிலையை ஆட்டுவது நமக்கும் பழக்கம்தான். மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர், ஔவை, பாரதி, கால்டுவெல் என்று வரிசையாகச் சிலை வைத்தார்கள். என் சிறுவயதில் அதுதான் நாங்கள் காசில்லாமல் பார்த்த கலை. சுண்டல் பொட்டலத்தோடு உழைப்பாளர் சிலையில் தொடங்கி ஒவ்வொன்றாக அப்பா கதை சொல்லிக்கொண்டே நடப்பார். அதில் கண்ணகியை 2001-ல் எடுத்துவிட்டு 2006-ல்தான் திரும்ப வைத்தார்கள். அந்த ஐந்து வருடம் வெறும் இடத்தைப் பார்த்தே கதை சொன்னார் அப்பா. டர்பன் யானைக் கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.


பற்றவைப்பவன் (ஜெர்மிஸ்டன்)

அண்ணன்மார்களே, அக்காமார்களே, நான் திருச்சிக்காரன், இங்கே ஒரு பட்டறையில் வெல்டிங் மேற்பார்வை. எல்லோரும் அன்பு, முகம் என்று பேசுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் உலோகத்துக்கு விலை என்று ஒன்று இருக்கிறது.

வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. பழைய இரும்புக் கடையில் செம்புக்குக் கிடைக்கிற விலைக்கும் இரும்புக்குக் கிடைக்கிற விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இந்த ஊரில் ஹெர்மன் வால்ட் என்ற சிற்பி செய்த இம்பாலா மான் கூட்டம் ஒன்று பூங்காவில் இருந்தது. துள்ளிப் பாய்கிற மான்கள், 1960-ல் வைத்தது. யாருக்கும் பிடிக்காத சிலையா அது? எல்லோருக்கும் பிடிக்கும். ஆனாலும் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு சரிசெய்து மெயின் ஸ்ட்ரீட்டில் காவல் இருக்கிற கட்டிடத்தின் முன் வைத்தார்கள். ரயில்வே கேபிளையே உருவுகிற ஊர் இது. 2022 நவம்பரில் பழைய உலோகத்தை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதையே அரசு தடுத்தது, நிலைமை அவ்வளவு மோசம். நம் ஊரில் ஐம்பொன் சாமியையே தூக்கிக்கொண்டு போகிறவன் இருக்கிறான், அவனுக்குப் பக்தி இல்லை என்று சொல்லி என்ன பயன்?

அக்கா சொன்ன தீச்சட்டிக்காரி ஏன் நிற்கிறாள் என்று நான் நேரில் போய்ப் பார்த்தேன், நேற்று வேலை முடிந்து. எஃகுத் தகடு, பெயின்ட் அடித்தது. தகடுகள் எட்டாத உயரத்தில் ஆரம்பிக்கின்றன. வெட்ட வேண்டுமென்றால் கேஸ் கட்டரும் ஏணியும் வேண்டும், அத்தனை பாடுபட்டு வெட்டிக் கொண்டுபோனாலும் கடையில் கிடைப்பது சொற்பம். கான்கிரீட் மானும் அப்படித்தான். சுவரில் பூசிய சாயத்தை எடைக்குப் போட முடியாது. அதனால் வள்ளியம்மைக்கு ஏதாவது செய்வதென்றால் ஐயா, தயவுசெய்து வெண்கலம் வேண்டாம். சுவர் ஓவியம், இல்லையென்றால் எஃகு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தத் தகடுகளைப் பொருத்தியிருக்கிற விதம். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு கோணத்தில் நிற்கிறது. ஒரே இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் கோடு கோட்டோடு சேருகிறது. இருபது வருடம் தகடு வெட்டிப் பிழைக்கிறவன் நான். ஒரு மில்லி தப்பினாலும் எனக்குத் தெரியும். சாயங்கால வெயிலில் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.


டர்பன்_கீரைக்காரி

பற்றவைக்கிற தம்பி சொல்வது சரி. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். பசிக்குத் திருடுவது வேறு, கோபத்தில் உடைப்பது வேறு. முகம் தெரிகிற கலை இரண்டாவதில் இருந்து தப்பிக்கும், முதலாவதற்கு நீங்கள் சொல்கிற எஃகும் சாயமும்தான் வழி.

ஆனால் நாம் ஒன்றை மறந்துவிட்டோம். நம்முடைய கோபுரம்! உள்ளே போக முடியாதவன், போகக்கூடாது என்று தடுக்கப்பட்டவன், மாட்டை ஓட்டிக்கொண்டு தூரத்தில் போகிறவன் எல்லோரும் நின்ற இடத்தில் இருந்தே பார்க்கட்டும் என்றுதானே "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்றார்கள். தெருவில் நின்று காசில்லாமல் பார்க்கிற சிற்பம் அதைவிட வேறு எது? கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முதலில் எழுப்பியது அதைத்தான். மவுண்ட் எட்ஜ்கோம்ப் பிள்ளையார் கோயிலை கிருஷ்டப்ப ரெட்டி 1898-ல் கட்டினார். எங்கள் ஆயா வார்விக் போகும் லாரியில் இருந்தே ஒவ்வொரு கோயிலுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். லாரி நிற்காது.


லெனேசியா_வாத்தியார்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவிக்கும் சொன்னேன். எங்கள் மெல்ரோஸ் கோயில் சலவைத் தொழிலாளிகள் ஆற்றங்கரையில் தொடங்கி வைத்தது. இன்று அதைச் சுற்றிப் பெரிய பணக்கார வட்டாரம். காவடியன்று மட்டும் அந்தத் தெரு முழுவதும் நம்முடையது.

வள்ளியம்மை சுவர் பற்றி இரண்டு பெற்றோர்களிடம் பேசினேன். ஒருவருக்கு நகரத்தில் கடை இருக்கிறது, பக்கச் சுவர் வெறுமையாக இருக்கிறதாம். தெருவில் இருக்கிறவர்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். அங்கே தையல் மெஷின் வைத்திருக்கும் மலாவிக்காரரும் முடி பின்னும் காங்கோ பெண்களும் தினமும் அந்தச் சுவரைப் பார்க்கப் போகிறவர்கள். அவர்களுக்கு வள்ளியம்மை யார் என்று முதலில் சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பெண், குடியேற்றச் சட்டத்தை எதிர்த்துச் சிறை போனவள் என்றால் அவர்களுக்குச் சட்டென்று புரியும். பேப்பர் இல்லாமல் போலீஸைக் கண்டு ஒதுங்குவது அவர்களுக்கு இன்றைய கதை.


கொய்யாமரம்

போன சனிக்கிழமை இரண்டாம் முறை போனோம், பதினோரு பேர். வாத்தியார் ஐயா தன் மாணவிகள் மூன்று பேரோடு வந்தார். ஜெர்மிஸ்டன் அண்ணன் வந்தார். மிட்ராண்ட் தம்பியும் வந்தார், சொல்லாமல் கொள்ளாமல், எலாண்ட் மான் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

ஐயா மார்க்கெட் தியேட்டர் வாசலில் தன் அப்பா பெட்டி இறக்கிய பக்கம் எது என்று காட்டினார். அங்கே நாங்கள் நெடுநேரம் நின்றோம். எனக்கு எழுதத் தெரியவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

பாலத்து முனையில் மீலி விற்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். தகர டப்பாவில் ஓட்டை போட்டுக் கரி போட்டிருக்கிறார், மேலே கம்பி வலை, மீலி வெடிக்கிற சத்தம். அம்மா நேராக அவரிடம் போய், தன் துண்டை எடுத்து உதறி, முறுக்கி, வளையமாகச் சுற்றி, தன் தலையில் வைத்துக் காட்டினார்கள். "சும்மாடு" என்றார்கள். அவர் முதலில் விழித்தார், பிறகு சிரித்துக்கொண்டே தன் பைக்குள் இருந்து சுருட்டிய துணி வளையத்தை எடுத்து "இன்காதா" என்றார். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தலையில் வைத்துப் பார்த்தார்கள். அவருடையது உள்ளே பிளாஸ்டிக் பை வைத்துத் திணித்தது, கெட்டியாக இருந்தது. அம்மா அதை அழுத்திப் பார்த்துவிட்டு நல்லது என்று தலையாட்டினார்கள்.

தோழி மூலமாக அந்தச் சிலையைப் பற்றிக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, மீலியைத் திருப்பிப் போட்டுவிட்டு, எங்களை நடைபாதையில் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய், ஒரு உடைந்த கல் பக்கத்தில் நிறுத்தினார். கையால் எங்களைச் சற்று இடது பக்கம் நகர்த்தினார். துண்டுகள் சேர்ந்துவிட்டன. ஜெர்மிஸ்டன் அண்ணன் அன்றைக்கு அரை மணி நேரம் நின்ற இடமாம். சிலையைப் பார்க்க வருகிறவர்களை எல்லாம் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவாராம்.


மிட்ராண்ட்72

எனக்கு அந்தக் கல் இருக்கிற இடம் இப்போது தெரியும். அடுத்த மாதம் நீண்ட வார இறுதியில் டர்பன் போவதென்றால் என் வண்டியில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினால் ராத்திரி போய்ச் சேரலாம். அக்கா, விடியற்காலை மார்க்கெட்டுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும்?


டர்பன்_கீரைக்காரி

நாலரைக்கு வந்துவிடுங்கள் தம்பி. ஐந்தரை ஆனால் நல்ல கீரை தீர்ந்துவிடும். வெளிச்சம் வந்தபிறகு தூண்களைப் பார்க்கலாம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், எல்லோருக்கும் பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு) என் செலவு. கொய்யாமரத்தின் அம்மா ஊருக்குப் போவதற்குள் வருவார்களா?